புது ஸ்டூடியோ கைக்குப் போனதும் நமக்குப் பிடித்த கேம் ஏன் கெட்டுப்போகிறது?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. பிளேஸ்டேஷன் 2-வில் (பிஎஸ் 2) ஸ்மாக்டவுன் என்ற மல்யுத்த கேம் ஆடி வளர்ந்தவர், வேலைக்குப் போய் சொந்தக் காசில் வாங்கிய முதல் கன்சோலில் அதே தொடரின் டபிள்யூ.டபிள்யூ.இ 2கே20 போட்டிருக்கிறார், இரண்டே நாளில் நொந்துபோய் மூடி வைத்துவிட்டார். "கம்பெனி மாறினதும் கேமக் கெடுத்துட்டாங்க. ஏன் எப்பவும் இப்படியே நடக்குது? ஃபிரெண்ட்ஸ் எல்லாம் உனக்கு வயசாயிடுச்சுடான்னு கிண்டல் பண்றாங்க, அது நிஜமா?" என்கிறார். பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருக்கிறது, உள்ளே இரண்டு இருக்கின்றன. கேம் உண்மையிலேயே கெட்டதா, கெட்டிருந்தால் யார் கை பட்டுக் கெட்டது என்பது முதலாவது. எனக்கு வந்த கோபம் நியாயமா, இல்லை போன வயசை நினைத்து அழுகிறேனா என்பது இரண்டாவது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு பேசுவதால்தான் எல்லா இடத்திலும் சண்டை வருகிறது, அதனால் நான் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2005-லிருந்து 2012 வரைக்கும் ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு சின்ன கேம் கடை வைத்திருந்தேன். நாலு பிஎஸ் 2, நாலு 21 இன்ச் ட்யூப் டிவி, ஒரு டேபிள் ஃபேன், மணிக்கு இருபது ரூபாய். டிவிடி எல்லாம் பர்மா பஜாரில் வாங்கியது, அது எப்படிப்பட்ட டிவிடி என்று உங்களுக்கே தெரியும். கடையை மூடிய பிறகு பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்தேன். கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி திருவான்மியூரில் இறங்கி அங்கிருந்து பஸ். வெளிநாட்டு ஸ்டூடியோக்கள் அனுப்பும் வேலையைச் செய்து கொடுக்கும் இடம் அது. பதினோரு வருடம் அங்கே குப்பை கொட்டினேன், அதில் கடைசி நாலு வருடம் கேம்ப்ளே டியூனிங், அதாவது ஒரு குத்து எத்தனை ஃபிரேமில் (திரையில் அடுத்தடுத்து மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) விழ வேண்டும், ஒரு தாவல் எவ்வளவு உயரம் போக வேண்டும் என்று எண்களோடு மல்லுக்கட்டுகிற வேலை. நீங்கள் கேட்கும் ஸ்டூடியோ எதற்குள்ளும் நான் உட்கார்ந்ததில்லை. அதனால் தேதியும் பெயரும் சொல்லும்போது அது ஊரறிந்த விஷயம், காரணம் சொல்லும்போது அது பெரும்பாலும் என் தொழில் அனுபவத்தை வைத்து நான் போடும் கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரறிந்த விஷயத்திலிருந்து தொடங்கலாம். நீங்கள் சின்ன வயதில் ஆடிய ஸ்மாக்டவுன் கேம்களை 2000-லிருந்து செய்தது ஜப்பானின் யூக்ஸ் என்ற ஸ்டூடியோ. 2003-ல் வந்த 'ஹியர் கம்ஸ் த பெய்ன்' அவர்கள் செய்ததுதான், என் கடையில் அந்த ஒரு டிவிடியை மட்டும் மூன்று தடவை தேய்ந்து தேய்ந்து மாற்றியிருக்கிறேன். வெளியிட்டது டி.எச்.க்யூ. அந்தக் கம்பெனி 2012 டிசம்பரில் திவாலாகி, 2013-ல் உரிமை 2கே என்ற கம்பெனி கைக்குப் போனது. பலர் இங்கேதான் தப்பாக நினைக்கிறார்கள். 2கே வந்த அன்றைக்கே செய்கிறவர்கள் மாறிவிடவில்லை. யூக்ஸ் அப்படியே தொடர்ந்தது, 2கே-யின் சொந்த ஸ்டூடியோவான விஷுவல் கான்செப்ட்ஸ் கூடவே உட்கார்ந்து வேலை செய்தது. 2018 அக்டோபரில் வந்த 2கே19 வரை இந்தக் கூட்டுதான். அதற்குப் பிறகு யூக்ஸ் விலக, 2019 அக்டோபரில் வந்த 2கே20-ஐ விஷுவல் கான்செப்ட்ஸ் தனியாகத் தூக்கிச் சுமந்தது. நீங்கள் வாங்கி நொந்தது அதைத்தான்.

அது மோசமான கேமா என்றால், ஆமாம், மோசமான கேம். இதில் உங்கள் வயசுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. மல்லர்களின் முடி தனியாகப் பறந்தது, உடம்பு மேடைக்குள் புதைந்தது, கயிற்றில் மாட்டிக்கொண்டு ஆள் ஆளாகத் துடித்தார்கள். வெளிவந்த சில நாளிலேயே இதைச் சரி செய்யுங்கள் என்று ட்விட்டரில் ஹேஷ்டேக் போட்டு உலகமே கத்தியது. இதற்கெல்லாம் மகுடம் வைத்த மாதிரி ஒன்று நடந்தது, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. 2020 ஜனவரி 1-ஆம் தேதி புது வருடம் பிறந்ததும், பெயரிலேயே 20 வைத்திருந்த அந்த கேம் திறக்கும்போதே நின்றுபோனது. கன்சோலின் கடிகாரத்தை 2019-க்குத் திருப்பி வைத்தால் ஓடியது. வருடக்கணக்கில் டெஸ்டிங் பார்த்தவனாகச் சொல்கிறேன், தேதியை முன்னால் தள்ளிப் பார்ப்பது எங்கள் பட்டியலில் முதல் பக்கத்தில் இருக்கும் சோதனை. அதைப் பார்க்கத் தெரியாதவர்கள் யாரும் அங்கே இருந்திருக்க மாட்டார்கள். பார்க்க நேரம் இல்லாமல் போயிருக்கும்.

நேரம் என்று நான் சும்மா சொல்லவில்லை. 2கே19-க்கும் 2கே20-க்கும் இடையில் 12 மாதம். ஜப்பானில் இன்னொரு ஸ்டூடியோ பல வருடமாக அடுக்கி அடுக்கிக் கட்டிய கோடை, அதாவது கேமை ஓட்டும் புரோகிராம் வரிகளை எடுத்து, புரிந்துகொண்டு, அதன்மேல் புதிதாகச் செய்து, வழக்கம் போல அக்டோபரில் கடைக்கு அனுப்ப வேண்டும். இத்தனைக்கும் விஷுவல் கான்செப்ட்ஸ் ஒன்றும் நேற்று முளைத்த கம்பெனி இல்லை, என்.பி.ஏ 2கே கூடைப்பந்து கேம்களைச் செய்பவர்களே அவர்கள்தான். அப்புறம் என்ன நடந்தது பாருங்கள். 2020 ஏப்ரலில், இந்த வருடம் 2கே21 வராது என்று அறிவித்தார்கள். வருடா வருடம் காசு கொட்டும் தொடரை ஒரு வருடம் நிறுத்துவது சாதாரணம் இல்லை. 2கே22 வந்தது 2022 மார்ச்சில், அதாவது கிட்டத்தட்ட 29 மாதம் கழித்து. அதே ஸ்டூடியோ, அதே தொடர். குறை இல்லாமல் இல்லை, ஆனால் கௌரவமான கேம், திட்டியவர்களில் நிறைய பேர் திரும்பி வந்தார்கள். புது ஸ்டூடியோ என்றாலே உருப்படாது என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களை மட்டும்தான் சொல்வேன், 12, 29. இதற்கு மேல், கோடு அவர்களுக்கு எந்த நிலையில் கிடைத்தது, உள்ளே யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் வெளியே இருந்து பேசுகிற பேச்சு, அதில் நான் இறங்கவில்லை.

ஆனால் ஒரு கேம் கை மாறும்போது உள்ளே எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு பைக் ரேஸ் மொபைல் கேம். முதல் பாகத்தைச் செய்த சின்ன ஸ்டூடியோ கலைந்துவிட்டது, இரண்டாம் பாகம் எங்களிடம் வந்தது. கிடைத்தது ஒரு ஹார்ட் டிஸ்க்கும், நாற்பது பக்கத்துக்கு ஒரு குறிப்பும். குறிப்பில் மெனு எப்படி, கடை எப்படி, விளம்பரம் எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் சுத்தமாக எழுதியிருந்தது, பைக் எப்படி ஓட வேண்டும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. அது எழுதுகிற விஷயம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை போல. கோடுக்குள் ஒரு அட்டவணை, அதில் ஒரு எண் 7, பக்கத்தில் 'மாற்றுவதற்கு முன் என்னைக் கேட்கவும்' என்று ஒரு குறிப்பு. எழுதியவர் பெயர் இல்லை. யாரைக் கேட்பது? எங்கள் பையன் ஒருவன், நல்ல புத்திசாலி, அந்த 7-ஐ 3 ஆக்கினான். அவன் பார்வையில் அது ஒரு பிழை. மேடான சறுக்கின் ஓரத்தைத் தாண்டி சக்கரம் காற்றில் போன பிறகும் 7 ஃபிரேம் வரைக்கும் தாவல் பட்டனை ஏற்றுக்கொண்டிருந்தது, தரையில் இல்லாத பைக் எப்படித் தாவும் என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்விதான்.

சோதனைக்குக் கொடுத்த ஆட்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள், "பைக் கனமா இருக்கு." நாங்களும் நம்பி மூன்று வாரம் பைக்கின் எடை, ஈர்ப்பு விசை, சக்கரத்தின் உராய்வு எல்லாவற்றையும் நோண்டினோம். எண்ணூரிலிருந்து வரும் ஒரு பெண், டீமிலேயே கடைசியாகச் சேர்ந்தவர், பழைய கேமையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலும் திரையும் தெரிகிற மாதிரி போனில் ஸ்லோ மோஷன் எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக எண்ணிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் 7 ஃபிரேம் என்பது ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் குறைவு, 3 ஃபிரேம் என்பது இருபதில் ஒரு பங்கு. மனுஷ விரல் கொஞ்சம் தாமதிக்கும், அந்தத் தாமதத்தை மன்னிப்பதற்காக யாரோ ஒருத்தர் பல மாதம் உட்கார்ந்து பார்த்து வைத்த எண் அது. 7-ஐத் திரும்பப் போட்டோம், பைக் இலேசானது. ஆடுகிறவர்கள் சொன்ன காரணம் தப்பு, ஆனால் ஏதோ கெட்டிருக்கிறது என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ரசிகர்கள் புகாரை நான் அன்றிலிருந்து இப்படித்தான் படிக்கிறேன்.

நம் பக்கத்து ஆளுக்கு இதை விளக்க கேரம் போதும். கிளப்பில் புதுப் பலகை வந்து இறங்கினால் முதல் வாரம் யாருக்கும் காய் விழாது. அதே அளவு, அதே பவுடர், அதே ஸ்ட்ரைக்கர், ஆனால் ஓரக் கட்டையில் பட்டுத் திரும்புகிற வேகம் ஒரு நூல் மாறியிருக்கும். பத்து வருடம் ஆடியவனுக்குத்தான் அது அதிகம் உறுத்தும், புதுசாக வந்தவன் ஜாலியாக ஆடிக்கொண்டிருப்பான். 2கே20-ல் இதே மாதிரி ஒன்று வேண்டுமென்றே செய்தார்கள். அதற்கு முன்பு எதிராளியின் அடியைத் தடுத்துத் திருப்பும் ரிவர்சலுக்கு ஆர் 2 பட்டன், அதைத் தூக்கி முக்கோணப் பட்டனில் வைத்தார்கள். முதன்முதலாக ஆடுபவருக்கு அது சுலபமாகவே இருந்திருக்கலாம். ஆனால் வருடக்கணக்காக எதிராளி கை ஓங்கியதும் ஆள்காட்டி விரல் தன்னால் அழுந்திக்கொண்டிருந்தவனுக்கு, அது வீட்டு ஸ்விட்ச் போர்டை இருட்டில் இடம் மாற்றி வைத்த மாதிரி. பக், அதாவது கேமில் தவறி வந்த பிழை எல்லாம் பேட்ச் என்கிற திருத்தம் போட்டுச் சரி பண்ணலாம், இந்த மாதிரி விஷயத்தில் புது டீம் தன் முடிவு சரி என்று நம்பிச் செய்கிறது, அதனால் புகார் வந்தாலும் இலேசில் அசையாது.

கை மாறும்போது கோடே முழுசாக வந்து சேராத கதையும் உண்டு. சைலண்ட் ஹில் 2 என்று ஒரு பேய் கேம், 2001-ல் கொனாமி செய்தது, ஊர் முழுக்க மூடுபனி, அந்தப் பனிக்குள்ளிருந்து என்ன வரும் என்கிற பயம்தான் அந்த கேமின் உயிர். 2012-ல் அதை எச்.டி தரத்துக்கு மாற்றும் வேலை வேறொரு ஸ்டூடியோவுக்குப் போனது. கொனாமியிடம் பத்திரமாக இருந்தது கடைக்குப் போன கடைசிக் கோடு இல்லை, அதற்கு முந்தைய, முடியாத ஒன்று. பழைய டீம் ஏற்கெனவே பிடித்துச் சரி செய்த பக்குகளை எல்லாம் புது டீம் திரும்பப் பிடிக்க வேண்டியிருந்தது. பனி சரியாக வரவில்லை, பனி விலகினால் பின்னால் ஊர் பாதியில் முடிந்து நிற்கிறது. ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். அதற்குப் பிறகு இதே கேமை அடியிலிருந்து கட்டும் வேலை போலந்தின் புளூபர் டீமுக்குப் போனதாக அறிவிப்பு வந்தபோது, இவர்களா, போச்சு என்று இன்னும் பெரிய கூச்சல். 2024 அக்டோபரில் கேம் வந்தது, கூச்சல் போட்டவர்களே தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆக, முன்கூட்டி வரும் பயம் ஒன்று, ஆடிப் பார்த்து வரும் ஏமாற்றம் ஒன்று, இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுக்க முடியாது. முன்னதில் நாம் நிறைய தடவை தோற்றிருக்கிறோம்.

நம் பசங்களுக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் வைஸ் சிட்டி. நெட் சென்டரில் ஏதாவது ஒரு மெஷினிலாவது அது ஓடாத நாள் கிடையாது. அதையும், அதன் கூட ஜிடிஏ 3, சான் ஆண்ட்ரியாஸ் இரண்டையும் சேர்த்து 2021 நவம்பரில் புதுப்பித்து விற்றார்கள். வேலையைச் செய்தது குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ், இந்த கேம்களை முன்பு மொபைலுக்கு மாற்றிக் கொடுத்தவர்களே அவர்கள்தான், அதாவது கேமை அறியாதவர்கள் கிடையாது. சான் ஆண்ட்ரியாஸில் ஒரு டோனட் கடை இருக்கிறது, பெயரில் நட் என்று வரும், அதனால் பலகைக்கு மேலே அறுகோண இரும்பு நட்டு வடிவத்தில் டோனட் வைத்திருப்பார்கள், ஒரு சின்ன ஜோக். புதுப் பதிப்பில் ஓரமெல்லாம் மழமழவென்று ஆகி நட்டு வெறும் வட்டமாகிவிட்டது. ஜோக்கே போச்சு. படத்தைப் பெரிதாக்கி மெருகேற்றும்போது அது ஜோக் என்று சொல்ல பக்கத்தில் யாரும் இல்லை. இதைவிடப் பெரியது பனி. பிஎஸ் 2-வில் மொத்த மெமரியே 32 எம்பி, தூரத்தில் இருக்கும் கட்டடத்தை எல்லாம் வரைய முடியாது, அதை மறைக்கத்தான் அந்தப் புகைமூட்டம். புது மெஷினுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, சரி என்று பனியை எடுத்தார்கள். மலை உச்சியில் நின்றால் மொத்த வரைபடமும் ஒரே பார்வையில் தெரிந்தது, அரை நாள் ஓட்டினாலும் முடியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த ஊர் ஒரு பொம்மை அளவுக்கு இருந்தது. இந்த கேம்களை வெளியிடும் ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, கடையிலிருந்து எடுத்த பழைய பதிப்புகளை கம்ப்யூட்டருக்குத் திரும்ப விற்பனைக்கு வைத்தது. மூன்று வருடம் கழித்து 2024 நவம்பரில் ஒரு அப்டேட்டில் பழைய வானமும் வெளிச்சமும் திரும்பி வந்தன.

இன்னொன்று. ஸ்டூடியோ பெயர் என்பது வாசலில் மாட்டிய போர்டு. போர்டு அப்படியே இருக்க, உள்ளே இருந்தவர்கள் பாதிப் பேர் போயிருப்பார்கள், நமக்குத் தெரியாது. டூம் ரெய்டரை எடுத்துக்கொள்ளுங்கள், 1996-ல் அதை உருவாக்கிய கோர் டிசைன்தான் 2003-ல் 'ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ்' என்ற பெரிய சொதப்பலையும் செய்தது. அதன் பிறகுதான் தொடரைப் பிடுங்கி கிரிஸ்டல் டைனமிக்ஸுக்குக் கொடுத்தார்கள், அவர்கள் 2006-ல் 'லெஜண்ட்' செய்து தொடரைப் பிழைக்க வைத்தார்கள். ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டைத் தொடரை அதை உருவாக்கிய பங்கி ஸ்டூடியோ விட்டதும் மைக்ரோசாஃப்ட் அதற்காகவே 343 இண்டஸ்ட்ரீஸ் என்று ஒன்றை ஆரம்பித்தது, 2012-ல் ஹேலோ 4 வந்த நாளிலிருந்து இன்று வரை புதியவர்கள் கெடுத்துவிட்டார்களா என்ற சண்டை ஓயவில்லை. சரி, பழைய ஆட்களைத் தேடிப் போனால் பழைய கேம் கிடைக்குமா? யூக்ஸ் 2கே-யை விட்டுப் போய் இன்னொரு மல்யுத்த நிறுவனத்துக்காக 'ஏ.இ.டபிள்யூ: ஃபைட் ஃபாரெவர்' செய்தது, 2023-ல் வந்தது. நானும் ஆசை ஆசையாகப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அங்கங்கே அந்தப் பழைய கை தெரிந்தது, ஆனால் நாலு நாளைக்கு மேல் ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை என்று யோசித்தால், உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிடுகிறோம். இதில் நான் சொல்வது என் அனுமானம், ஒரு விஷயம் தவிர. அந்த ஒரு விஷயம் டிவி. ட்யூப் டிவியில் பட்டன் அழுத்தினால் சட்டென்று திரையில் தெரியும். எல்.இ.டி டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும், அந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோட் என்ற செட்டிங்கைப் போடாவிட்டால் அதிலேயே சில ஃபிரேம் போய்விடும். மேலே 7-க்கும் 3-க்கும் நடந்த கதையைப் படித்தீர்கள் அல்லவா, அதே கதைதான். நீங்கள் இன்று பழைய பிஎஸ் 2-வைத் தூசி தட்டி, அசல் 'ஹியர் கம்ஸ் த பெய்ன்' போட்டு, ஹாலில் இருக்கும் 43 இன்ச் டிவியில் ஆடினாலும் ரிவர்சல் தவறும். அப்போது எந்தப் புது ஸ்டூடியோவைத் திட்டுவது?

மற்றதெல்லாம் அனுமானம் என்றேன். என் கடையில் ராயல் ரம்பிள் போட்டால் ரெண்டு பேர் ஆடுவான், பன்னிரண்டு பேர் பின்னால் நிற்பான். அண்டர்டேக்கரை எடுப்பதற்கு ஒரு சண்டை, கேன் என்ற மல்லரை எடுத்தவனை எல்லாரும் சேர்ந்து திட்டுவது, மெமரி கார்டில் அடுத்தவன் சேவ் பண்ணி வைத்த ஆட்டத்தை அழித்துவிட்டு முழிப்பது. கடைசியில் ரெண்டே ரெண்டு பேர் மிச்சம் இருக்கும்போது கரண்ட் போகும், கடையே சேர்ந்து ஒரு சத்தம் போடும், எதிர் வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்துவார்கள். கரண்ட் வந்ததும் யார் ஜெயித்திருப்பான் என்ற பஞ்சாயத்து அடுத்த அரை மணி நேரம். கேம் என்று நாம் ஞாபகம் வைத்திருப்பதில் டிவிடிக்குள் இருந்தது எவ்வளவு, கடைக்குள் இருந்தது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் நண்பர்கள் வயசாகிவிட்டது என்று கிண்டல் பண்ணுவது இந்தப் பாதிக்கு மட்டும் பொருந்தும். 2கே20-ன் முடி பறந்ததற்குப் பொருந்தாது.

கோபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருக்கும். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம், 2003-ல் யூபிசாஃப்டின் மாண்ட்ரியல் ஸ்டூடியோ செய்தது. அதை மறுபடி செய்யும் வேலை புனே, மும்பை ஸ்டூடியோக்களுக்கு வந்தது, 2020 செப்டம்பரில் அறிவித்தார்கள். எங்கள் ஆபீஸில் அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தப் பேச்சுதான், நம்ம ஊர் டீமுக்கு இவ்வளவு பெரிய கேமா என்று. டிரெய்லரைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. கிராபிக்ஸ் பழசாக இருந்தது, அதைச் சொன்னவர்கள் சொன்னது சரிதான், நானும் சொன்னேன். ஆனால் கீழே வந்த கருத்துகளில் பாதி கேமைப் பற்றி இல்லை, இந்தியாக்காரனுக்குக் கொடுத்தால் இப்படித்தான் என்று இருந்தது, அதையும் நம் ஆட்களே முன்னால் நின்று எழுதினார்கள். தேதி தள்ளித் தள்ளிப் போய் 2022 மே மாதம் வேலை மாண்ட்ரியலுக்கே திரும்பப் போனது. அந்த டீமுக்கு எவ்வளவு ஆள், எவ்வளவு நாள், எந்த அளவு சுதந்திரம் கொடுத்தார்கள் என்பது வெளியே வராமலே தீர்ப்பு எழுதப்பட்டது. அன்றைக்கு எங்கள் ஆபீஸில் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பசங்களின் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் புகார் எழுதுங்கள், காட்டமாகவே எழுதுங்கள், எந்த இடத்தில் எந்த பட்டனுக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். வீடியோ போட்டால் இன்னும் நல்லது, டெஸ்டர் டேபிளில் அதற்குத்தான் மதிப்பு, ஆளைத் திட்டுகிற பத்தி எந்த டேபிளுக்கும் வராது. பெரிய புகார்கள் வேலைக்கு ஆகும் என்பதற்கு 2கே21 நின்றதும், வைஸ் சிட்டி வானம் திரும்பியதும் ஓரளவு சாட்சி, முழுக்க ரசிகர்களால்தான் அது நடந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

அடுத்த தடவை தொடர் கை மாறினால் வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு என் வழக்கம் இதுதான். முன்பதிவு கிடையாது, எவ்வளவு ஆசை இருந்தாலும். வந்து ரெண்டு வாரம் போகட்டும். யாரும் பேசாத, எடிட் பண்ணாத, ஒரு மணி நேரம் சும்மா ஆடுகிற வீடியோ ஒன்றைத் தேடிப் பார்ப்பேன், டிரெய்லர் பார்க்க மாட்டேன். முந்தைய பாகம் வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று எண்ணுவேன், புது டீம், பழைய கோடு, 12 மாதம் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் தள்ளி நிற்பேன். இயக்குநர், சண்டைப் பகுதியை வடிவமைக்கும் காம்பாட் டிசைனர் இரண்டு பேர் யார், இதற்கு முன் என்ன செய்தார்கள் என்று பார்ப்பேன், அது ஸ்டூடியோ பெயரைவிட அதிகம் சொல்லும். யாரும் எடுத்து நடத்தாவிட்டாலும் ரசிகர்களே ஓட்டுவார்கள் என்பதற்கு இ.ஏ-யின் கிரிக்கெட் 07 இருக்கிறது, கம்பெனி கைவிட்ட பிறகும் நம் பசங்கள் வருடா வருடம் ஐபிஎல் ஜெர்சியும் புது ஆட்களும் பேட்ச் போட்டு இன்னும் ஆடுகிறார்கள்.

உங்களுக்கு இப்போதைக்கு என்ன செய்வது என்றால், 2கே20-ஐ மறந்துவிட்டு 2கே22-க்கு அப்புறம் வந்த எதையாவது தள்ளுபடியில் வாங்குங்கள், டிவியில் கேம் மோட் போட்டுவிட்டு ஒரு வாரம் விரலுக்கு நேரம் கொடுங்கள். அப்படியும் மனசு ஆறவில்லை என்றால் பழைய பிஎஸ் 2-வும் ஒரு ட்யூப் டிவியும் தேடுங்கள். பழைய இரும்புக் கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் டிவி கிடைக்கும், எடைக்குத்தான் காசு கேட்பார். மாடி வீடு என்றால் துணைக்கு ஒருத்தரைக் கூட்டிப் போங்கள், 21 இன்ச் டிவியே இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், கண்ணாடிப் பக்கம் மார்போடு வருகிற மாதிரி பிடித்துத் தூக்க வேண்டும்.